தளபதிகளின் தாள்களில் வன்னி

இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள கற்சிலைமடுவில் பிரித்தானியர் நட்ட கல்லில் ஒரேயொரு செய்திதான் இருந்தது. 1803 ஒக்டோபர் 31 அன்று, இவ்விடத்துக்கு அருகே, கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பது அது. வென்றவரின் பதவியும் பெயரும் நாளும் துல்லியமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. தோற்றவரான வன்னித் தலைவர் இறந்தாரா, தப்பினாரா, எதற்காகப் படை திரட்டினார், அவரோடு நின்றவர்கள் எந்தெந்த ஊரார் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், அந்தக் கல் உடைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கல் வன்னியைப் பார்த்த விதம் உடையவில்லை. நம் வரலாற்று எழுத்துக்குள் அது இன்றும் இருக்கிறது.

வன்னியின் 18ஆம் நூற்றாண்டுக் கடைசிப் பகுதியையும் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தையும் நாம் பெரும்பாலும் படை அதிகாரிகள் எழுதிவைத்தவற்றைக் கொண்டே எழுதுகிறோம். ஒல்லாந்தருக்காக வன்னியை நிர்வகித்த லெப்டினன்ட் தோமஸ் நாகெல் 1793இல் எழுதிய விவரணம், பின்வந்த ஆங்கிலேயரின் கடிதங்கள், அறிக்கைகள், நினைவு நூல்கள் ஆகியவையே மூலங்கள். இவற்றை எல்லாம் அள்ளிச் சேர்த்து ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலை வெளியிட்டார். அதன்பின் வந்தவர்களில் பலர் மூலங்களைத் தேடவில்லை, லூயிஸை மட்டும் பார்த்து எழுதினார்கள். இந்த வழக்கத்தால் நமக்குக் கிடைத்தது எவ்வளவு, நாம் இழந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு தளபதியை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் ஹே மக்டவல் இலங்கையில் பிரித்தானியப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர். 1800இல் ஆளுநர் பிரெடறிக் நோர்த் அவரைத் தூதுவராகக் கண்டிக்கு அனுப்பினார். தூது என்பது பெயரளவில்தான். பெரும் படை ஒன்று கூடவே போனது. 1803 ஜனவரி 31 அன்று அவரே படையெடுத்துக் கொழும்பிலிருந்து புறப்பட்டார். திருகோணமலையிலிருந்து கேணல் பார்பட் வந்து சேர்ந்தார். பெப்ரவரியில் அவர்கள் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் ஆளற்றுக் கிடந்தது. கண்டி அரியணைக்கு உரிமை கோரிய முத்துசாமியை அரசனாக்கினார்கள்; அவரை ஏற்க ஆள் இல்லை. பிறகு காய்ச்சல் படையைத் தின்றது. ஏப்ரலில் மக்டவல் கொழும்பு திரும்பினார், மே மாதம் மறுபடி கண்டிக்கு வந்தார், ஜூனில் நோயோடு வெளியேறினார். பொறுப்பை ஏற்ற மேஜர் டேவி இரண்டு வாரங்களுக்குள் சரணடைந்தார். அவருடைய படையில் பெரும்பகுதி வெட்டுண்டது. மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளும் தப்பவில்லை.

அதற்கு இரண்டு மாதங்களின் பின், ஓகஸ்ட் 25 அன்று, பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினார். இந்த இரண்டையும் பிணைத்துப் பார்க்க அதிகாரிகளின் தாள்கள் இல்லாமல் முடியாது. அவற்றின் முதற் பலம் இதுதான். முல்லைத்தீவுத் தாக்குதல் காட்டுத் தலைவன் ஒருவனின் திடீர்க் கோபம் அல்ல. பிரித்தானியப் படை கண்டியில் குலைந்து கிடந்த வேளையை அறிந்து, கண்டியோடு சேர்ந்து வைத்த அடி அது. எழுதப்பட்ட நாட்கள் இல்லாதிருந்தால் பண்டாரவன்னியனின் அரசியல் கூர்மையை நிறுவ நம்மிடம் ஆதாரம் இருந்திருக்காது. அவரை ஏசி எழுதியவர்களே அந்த ஆதாரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டாவது பலம், அதிகாரத்தின் பலவீனம் அதன் சொந்தக் கடிதங்களிலேயே வெளிப்படுவது. அரச பிரகடனங்களில் பேரரசு தளர்வதே இல்லை. தனிக் கடிதத்தில் காய்ச்சல் வருகிறது, அரிசி தீர்கிறது, சுமை தூக்கும் கூலிகள் ஓடிப்போகிறார்கள். கண்டியில் 1812 அளவில் இறக்கும்வரை கைதியாக இருந்த டேவி, சிறு தாள் துண்டுகளில் கிறுக்கி இரகசியமாக அனுப்பிய செய்திகள் எஞ்சியுள்ளன. 1803இல் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பெரிய தோலட்டை நூல்களைவிட அந்தத் துண்டுகள் நேராகச் சொல்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

இனிக் குறைகள். முதலாவது, இத்தாள்களில் பெரும்பாலானவை தற்காப்பு வாக்குமூலங்கள். 1804இல் மட்டக்களப்பிலிருந்து தன் படைப்பிரிவோடு மட்டும் கண்டிவரை போய் மீண்ட கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் 1810இல் அந்தப் பயணத்தை நூலாக்கினார். கட்டளையைப் பிழையாக விளங்கிக்கொண்டார் என்ற பழி அவர்மேல் இருந்தது. அந்த நூலை நடுநிலைச் சாட்சியமாக வாசிப்பது தவறு. மக்டவலுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 1807இல் மதராஸ் படையின் தலைமைத் தளபதியானவர், அங்கே கூடாரச் செலவு பற்றி எழுந்த தகராறில் ஆளுநர் பார்லோவோடு மோதி 1809 ஜனவரியில் கப்பலேறினார். அவர் ஏறிய லேடி ஜேன் டண்டாஸ் மார்ச் மாதப் புயலில் இந்து சமுத்திரத்தில் மூழ்கியது. ஊர் போய்த் தன் பக்க நியாயத்தை எழுத அவர் உயிரோடு இல்லை. எழுத வாய்த்தவர்களின் 1803 தான் நமக்கு வந்து சேர்ந்த 1803. ஆங்கிலத் தளபதிக்கே இந்தக் கதி என்றால், ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதாத வன்னியனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. அதிகாரியின் பார்வையில் வன்னி ஒரு வழி, அல்லது வருவாய்க் கணக்கு. யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் மன்னாருக்கும் இடையில் கடக்க வேண்டிய காடு அது. யானைத் திறை, நெல், குளம் என்று வரும்போது எழுத்து விரிகிறது. மனிதர்கள் எதிர்க்கும்போது மட்டும் பெயர் பெறுகிறார்கள். வன்னிச்சி மரியா செம்பாத்தையை ஒல்லாந்தர் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் அடைத்தார்கள். அவரைப் பற்றி எஞ்சியிருப்பது அவரை ஏன் அடைக்க வேண்டியதாயிற்று என்ற அதிகாரியின் விளக்கம் மட்டுமே. ஆண்ட ஒரு பெண்ணின் வாழ்வு, அவரைச் சிறைவைத்தவரின் ஒரு வாக்கியத்துக்குள் முடிந்துவிட்டது. இதை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கொதிக்கிறது.

மூன்றாவது, எது நினைவுக்கு உரியது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். ஓகஸ்டில் முல்லைத்தீவிலிருந்து விரட்டப்பட்டவரும், ஒக்டோபரில் கற்சிலைமடுவில் வென்றவரும் அதே ட்றிபேர்க். வெற்றிக்குக் கல் நட்டார்கள். ஓட்டத்துக்கு நடவில்லை.

அப்படியானால் அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டு நம் வாய்மொழியை மட்டும் நம்பலாமா? அதையும் என்னால் ஏற்க முடியாது. பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் காக்கைவன்னியன் என்று ஊரெங்கும் சொல்வார்கள். யாழ்ப்பாண வைபவமாலையில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியைப் பறங்கியரிடம் பிடித்துக்கொடுப்பவனும் ஒரு காக்கைவன்னியன்தான். இரண்டு சம்பவங்களுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். துரோகிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது மக்கள் நினைவு பழைய பெயரையே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வைபவமாலையும் ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்கிணங்க மயில்வாகனப் புலவர் எழுதியதே. முல்லைமணியின் பண்டாரவன்னியன் நாடகம் எங்கள் மேடைகளுக்கு ஒரு வீரனைத் தந்தது. அதற்காக நான் நன்றியுடையவன். நாடகத்தின் காட்சிகளை வரலாற்றுச் சான்றாக அடுக்கும்போதுதான் தடம் மாறுகிறோம். ஒக்டோபர் 31 அவர் வீழ்ந்த நாள் என்று பலர் எழுதுகிறார்கள். கல் சொன்னது தோல்வியை, மரணத்தை அல்ல. எதிரியின் வாசகத்தில் இல்லாததை நாமே அதற்குள் சேர்த்துப் படித்திருக்கிறோம்.

தளபதிகளின் தாள்களை நாம் தேவைக்கு அதிகமாகப் பயன்படுத்திவிட்டோம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. போதிய கவனத்தோடு பயன்படுத்தவில்லை என்பதே என் முறைப்பாடு. கடிதத்தில் வரும் வீரப்பேச்சை மேற்கோள் காட்டுகிறோம்; அதே கடிதத்தின் பின்னால் வரும் உணவுக் கணக்கையும் இழப்புப் பட்டியலையும் தொடுவதில்லை. எந்த ஊரிலிருந்து நெல் வாங்கினார்கள், வழிகாட்டியாக யார் போனார், எந்தக் கிராமம் வெறிச்சோடியிருந்தது என்ற விவரங்கள் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். ஒருவரைப் புகழவோ பழிக்கவோ நோக்கமில்லாமல் எழுதப்பட்டதால் அவற்றில் பொய் குறைவு.

தடை ஒன்று உண்டு. இந்த ஆவணங்களில் பல இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொழும்பு ஆவணக் காப்பகத்துக்குப் போய்வருவதே வன்னியின் ஒட்டுசுட்டானிலிருந்து படிக்க வரும் பிள்ளைக்குச் சுமை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தவை போக, 2009இல் இடம்பெயர்ந்த வழிகளில் வீட்டுப் பெட்டிகளில் இருந்த உறுதிகளும் ஏடுகளும் போயின. நம் பக்கத்துத் தாள்கள் இல்லாமற்போகப் போக, அவர்கள் பக்கத்துத் தாள்களின் எடை கூடுகிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது; நூலகம் நிறுவனம் எண்ணிமப்படுத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இவர்கள் சேர்ந்தால் லூயிஸின் கைநூலைத் தமிழில் கொண்டுவரலாம். வெறும் மொழிபெயர்ப்பாக அல்ல. அவர் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் எந்த அதிகாரியின் எந்தத் தாளிலிருந்து வந்தது, அவர் அதை எந்த நெருக்கடியில் எழுதினார், அதே இடத்தைப் பற்றி அவ்வூரார் என்ன சொல்கிறார்கள் என்ற குறிப்புகளோடு. 1803 ஓகஸ்டுக்கும் ஒக்டோபருக்கும் இடைப்பட்ட பத்து வாரங்களிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.