தீயிலிறங்க வேண்டியவர் யார்?

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரக் கீர்த்தனையிலே இசையின்பம் உண்டு; மறுப்பாரில்லை. பாட்டும் அவருடையது, பண்ணும் அவருடையது. 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் இல்லாத வேதிய ஆண்டையை 19-ஆம் நூற்றாண்டிலே படைத்து, பண்ணையடிமையின் பெருமூச்சை மேடையேற்றினாரே, அது அவரது வெற்றி!

ஆனால் முடிவு? 40 வேலிப் பயிர்வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறான் ஆண்டை. ஏறக்குறைய 266 ஏக்கர்! ஓரிரவிலே இறையருளால் வேலை முடிகிறது. கெடிலக்கரைத் திருவந்திபுரத்து வயல்களிலே நாற்றுநடும் கரங்களைக் கேளுங்கள். எந்தக் கதிர் அருளால் அறுவடையாயிற்று? உழைப்பு மறைந்தது, கூலிக் கேள்வியும் உடன் மறைந்தது.

பின்னர் தில்லையிலே தீ. அதில் இறங்கியவன் நந்தன்! உழைத்தவனுக்கா தூய்மைச் சோதனை? ஒதுக்கியவனுக்கன்றோ வேண்டும்!

இசையைப் போற்றுவோம், தோழர்களே. அந்தத் தீயை ஏற்க மறுப்போம்.