பிக்கெற்றியின் 'மூலதன'மும் கண்டிச்சீமையும்

நாடு செல்வம் பெறப்பெறச் செல்வர்க்கும் வறியர்க்கும் இடையிலுள்ள தூரம் தானே குறுகிவிடும் என்னும் நம்பிக்கை பொருளியலாரிடையே ஒரு காலத்தில் வேரூன்றியிருந்தது. சைமன் குஸ்நெற்ஸ் 1955-இல் வெளியிட்ட கட்டுரையே அதற்கு ஆதாரம். அவர் தயங்கிக் கூறியதைப் பின்வந்தோர் தயக்கமின்றிப் பரப்பினர். அந்நம்பிக்கையை ஆட்டங்காணச் செய்தது, பிரெஞ்சு அறிஞர் தோமஸ் பிக்கெற்றி 2013-இல் வெளியிட்ட 'இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்' என்னும் நூல்.

நூலாசிரியரின் கருவி வரிக்கணக்கு. ஐக்கிய அமெரிக்காவில் மேல்தட்டிலுள்ள பத்திலொரு பங்கினர், 1920-களில் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 45 முதல் 50 வரை பெற்றனர். 1940-களின் இறுதியில் அது 35-க்குக் கீழ் இறங்கிற்று. 1980-க்குப் பின் மீண்டும் பழைய உயரத்தை எட்டிற்று. இடையில் நேர்ந்த தணிவு வளர்ச்சியின் இயல்பன்று. இரு பெரும் போர்களும் அவற்றையொட்டி வந்த கடும் வரிகளும் விளைத்தது என ஆசிரியர் காட்டுமிடம் நூலின் சிகரம். இதனை மறுப்பது எளிதன்று.

ஆயினும் இந்நூலைக் கண்டி மலைகளிலிருந்து படிப்போர்க்கு ஒரு குறை புலப்படும். முதலாம் உலகப்போருக்கு முன் பிரித்தானியர் வெளிநாடுகளில் வைத்திருந்த சொத்து, அவர்தம் நாட்டின் ஏறக்குறைய ஈராண்டு வருமானத்துக்குச் சமம் என்கிறார் ஆசிரியர். அச்சொத்தில் ஒரு துளி, கண்டிக்கருகே ஹேவாஹெட்டவில் இருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர அங்கேயே உளது. பங்குதாரர் பெற்ற இலாபம் பிரித்தானியக் கணக்கிலே ஏறிற்று. கொழுந்தெடுத்தவள் அக்கணக்கில் எந்தத் தட்டிலும் இல்லை. ஒரு நாட்டின் எல்லைக்குள் பங்கீட்டை அளக்கும் அட்டவணை, இவ்விருவரையும் ஒருங்கே காட்டமாட்டாது.

இலங்கையில் வருமான வரி வந்ததே 1932-இல். அதற்கு முன் தொழிலாளியைப் பற்றிய கணக்கு கங்காணியின் கையிலிருந்தது. அது பெரும்பாலும் கடன் கணக்கு. கடன் தொகை எழுதிய 'துண்டு' இன்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் பெயர இயலாது. அம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. செல்வம் தலைமுறை தலைமுறையாக இறங்குவதை நுணுகி ஆராய்ந்த பேராசிரியர், இறங்கிவந்த கடனுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கலாம்.

எனினும் ஆசிரியர் இத்துன்பத்தை அறியாதவர் என்பது பொருந்தாது. 2012-இல் தென்னாபிரிக்காவின் மரிக்கானாச் சுரங்கத்தில் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தோரிற் பொலிசாரின் குண்டுக்கு 34 பேர் இரையான செய்தியோடே முதல் அதிகாரம் தொடங்குகின்றது. அச்சுரங்கத்தின் உடைமை இலண்டனைச் சார்ந்தது. 1940 சனவரியில் ஹேவாஹெட்டயின் முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தக் காலத்திற் பொலிசார் சுட்டுக் கோவிந்தன் மாண்டதை அறிந்தவர்க்கு இப்பக்கங்கள் புதியவையல்ல. தொடங்கிய இடத்துக்கு நூல் விரிவாக மீளாததே வருத்தம். 2019-இல் வந்த 'மூலதனமும் சித்தாந்தமும்' அடிமைமுறையையும் குடியேற்ற ஆட்சியையும் விரிவாக ஆராய்ந்து, இக்குறையிற் பெரும்பகுதியைத் தீர்த்தது.

எஞ்சிய ஐயம் பரிகாரத்தைப் பற்றியது. மூலதனத்தின்மீது உலகளாவிய ஏறுவரி வேண்டும் என்கிறார் ஆசிரியர். வரியை விதிப்பது அரசு. அவ்வரசை ஆக்குவது வாக்கு. 1948-இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வாக்கிழந்தனர். நாடற்றோர் நிலை தீர்வதற்கான சட்டம் 2003-இலும் இயற்றப்படவேண்டியிருந்தது. இடையில், 1975-இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமை இங்ஙனம் கைமாறிய போதெல்லாம் தொழிலாளி கையொப்பமிடும் தரப்பாக இருந்ததில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டுமெனப் பல்லாண்டு போராடி, 2021-இலேயே அதனைப் பெற்றான்.

செல்வம் என்பதற்கு நூலாசிரியர் வகுத்த இலக்கணத்தில் நிலமும் வீடும் அடங்கும். லயத்தில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் பலவற்றுக்கு, அவ்வறைக்குரிய உறுதி இன்றும் கிட்டவில்லை.