ஊழியமும் சாட்சியும்: ஒரு நிவாரணப் புகைப்படத் தொகுப்பை முன்வைத்து

1

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் யார் யாரோ வேலை செய்தார்கள். பள்ளிவாசல் ஜமாத்தார், ரசிகர் மன்றத்துப் பையன்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், எந்தக் கொடியும் இல்லாத தெருக்கூட்டங்கள். தேவாலயங்களின் வாலிபர் ஐக்கியங்களும் அதில் உண்டு. அவர்கள் செய்தது நல்ல வேலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. இங்கே நான் பேச வருவது அந்த வேலை படமாக்கப்பட்ட விதம் குறித்து மட்டுமே. ஏனெனில், வேலை மூன்று நாளில் முடிந்துபோகிறது. படம் பத்து வருஷம் கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறது.

என் முன்னால் இருப்பவை இருநூற்றுச் சொச்சம் புகைப்படங்கள். எடுத்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பர், ஓய்வுநேரப் புகைப்படக்காரர். தம் சபை வாலிபர்களோடு கூவம் கரைக் குடியிருப்பு ஒன்றுக்குப் போய் எடுத்தவை. பத்தாண்டு நிறைவையொட்டி இவற்றைச் சபை மண்டபத்தில் காட்சிக்கு வைக்க எண்ணி, 'ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்க தோழர்' என்றார். சும்மா சொல்லக்கூடாது, தொழில்காரர்கள் பலரைவிட நன்றாகவே எடுத்திருக்கிறார். சேறு படிந்த சுவரில் விழும் சாயங்கால வெளிச்சத்தை அவருக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

படங்களை வகை பிரித்து அடுக்கிப் பார்த்தேன். பேனரோடு வேன் முன்னால் நிற்கும் குழு. அரிசிப் பை, பாய், போர்வை கைமாறும் தருணங்கள். பிஸ்கட் பொட்டலத்தோடு சிரிக்கும் குழந்தை. மண்வெட்டியோடு வாலிபர்கள். முடிவில் கைகோத்து ஜெபம். இதில் 'கைமாறும் தருணம்' என்கிற வகைதான் அதிகம். அதற்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. கொடுப்பவரின் முகம் காமிராவுக்குத் தெரிகிறது. வாங்குபவரின் முதுகு தெரிகிறது. முகம் தெரிய வாங்குவது குழந்தைகளும் கிழவிகளும்தான். வேலைவெட்டி பார்க்கிற வயசில் உள்ள ஆம்பளை ஒருத்தர்கூட முகம் காட்டி வாங்கவில்லை. கூச்சம். அந்தக் கூச்சத்தைக் காமிரா அறியும். ஆகவே அது கூச்சப்படத் தெரியாதவர்களைத் தேடிப் போகிறது. படங்களுக்குக் கீழே எழுத வைத்திருக்கும் குறிப்புகளில் வாலிபர்களுக்குப் பெயர் உண்டு. எதிரே நிற்பவர்களுக்கு ஒரே பெயர்: 'பாதிக்கப்பட்ட மக்கள்'.

இவை தவிர, அவர் கழித்துக்கட்டிய படங்கள் தனியே ஒரு உறையில் இருந்தன. அதில் ஒன்றில், ரப்பர் கையுறை, முகமூடி சகிதம் வாலிபர்கள் குப்பை வாருகிறார்கள். ஓரத்தில், சேலைக்கு மேல் சட்டை போட்ட துப்புரவுப் பணியாளர் பெண் ஒருவர். பாதி உடம்பு சட்டகத்துக்கு வெளியே. உள்ளே தெரிகிற கையில் கையுறை இல்லை. 'இது கம்போசிஷன் சரியில்ல, ஓரத்துல யாரோ வந்து நிக்கிறாங்க' என்பது நண்பரின் விளக்கம்.

ஓரத்தில் வந்து நிற்பது யார் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

இந்த இலக்கணத்தை நண்பர் கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு வந்து சேர்ந்தது. எங்கிருந்து என்று பார்க்க நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டியுள்ளது.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிராமங்கள் நினைவில் வைத்திருக்கும 1876-78 பஞ்சத்தைப் படம் எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். சென்னை ராணுவத்தின் அதிகாரி. தொழில்முறைப் புகைப்படக்காரர் கிடையாது, அமெச்சூர். எலும்பும் தோலுமான சென்னை மாகாணத்து மக்களைக் குழுவாக உட்காரவைத்து, நிற்கவைத்து, ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுப்பது மாதிரி எடுத்தார். படங்களில் யாருக்கும் பெயர் இல்லை. பஞ்சத்தின் உருவங்கள் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் அச்சுச் சித்திரங்களாகவும் வெளியாயின. அங்கே நிதி திரட்டப்பட்டது. ஆனால் பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது எந்தப் படத்திலும் இல்லை. பசி தெரிகிறது; பசியை உற்பத்தி செய்த ஆட்சி தெரிவதில்லை. இதே ஹூப்பர் பின்னர் பர்மாவில், மரண தண்டனைக் கைதிகள்மேல் குண்டு பாயும் கணத்தைப் படம்பிடிக்க முயன்றார் என்பதற்காக 1886இல் பெரும் சர்ச்சை எழுந்து, விசாரணை நடந்து, கண்டிக்கப்பட்டார். பஞ்சப் படங்களுக்காக அப்படி எந்த விசாரணையும் நடக்கவில்லை. ஏன்? பஞ்சத்தில் சுட்டது யார் என்று படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது மிஷன் புகைப்படம். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பணிபுரிந்த ஏமி கார்மைக்கேல் 1903இல் வெளியிட்ட நூலின் தலைப்பைத் தமிழில் 'உள்ளது உள்ளபடி' எனலாம். அந்நூலுக்குப் படம் எடுத்த வெள்ளைக்காரப் பெண் நூலுக்குள் 'படம்பிடிக்கிற மிஸ்ஸியம்மாள்' என்கிற பெயரில் வருகிறார். 'பிடிக்கிற' என்னும் வினை முக்கியமானது. மீன் பிடிப்பதுபோல, ஆள் பிடிப்பதுபோல. இங்கிலாந்தின் மிஷன் ஆதரவாளர்களுக்கு நம்பிக்கையூட்டும் வெற்றிக்கதைகள் தேவைப்பட்ட காலத்தில், அப்படி எழுத மறுத்த நூல் அது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 'உள்ளது' எது என்று தீர்மானிக்கிற உரிமை படம்பிடிக்கிறவர்களிடமே இருந்தது. பிடிபட்டவர்களுக்கு அந்த நூலை வாசிக்கிற வாய்ப்புகூட இல்லை.

பஞ்சப் படம் பரிதாபத்தையும் மிஷன் படம் பணியையும் சொன்னது. இவ்விரண்டும் கலந்து கெட்டிப்பட்டதே இன்றைய நிவாரணப் படம். அதை எடுப்பவர் கறுப்பாக, நம்மவராக, அம்பத்தூர்க்காரராக இருப்பதால் மட்டும் அதன் பார்வை மாறிவிடுவதில்லை.

3

தமிழ்க் கிறித்தவத்தில் புழங்கும் இரண்டு சொற்களைப் பார்ப்போம். ஒன்று ஊழியம். சபையில் இதற்குப் பொருள் மனமுவந்து செய்யும் இறைப்பணி. ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதிகள் அரசுக்குச் செய்தே தீரவேண்டிய வேலை. கிறித்தவர்களானவர்களை ஞாயிற்றுக்கிழமையாவது இதிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று மிஷனரிகள் வாதாடினார்கள். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஊழியங்கள் முட்டிக்கொண்டன. ஒன்று பிறப்பால் சுமத்தப்பட்டது, மற்றது விருப்பால் ஏற்றது. ஒரே சொல்லுக்குள் இரண்டும் கிடக்கின்றன.

2015இலும் அதே நிலைமைதான். வெள்ளம் வடிந்த சென்னையில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான குப்பையை அள்ளியது யார்? வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் லாரிகளிலும் பஸ்களிலும் ஏற்றிக்கொண்டு வரப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள். பெரும்பாலும் தலித்துகள், குறிப்பாக அருந்ததியர்கள். பலருக்குக் கையுறை இல்லை, காலணி இல்லை, படுக்கச் சரியான இடம் இல்லை என்பது அப்போதே செய்தியாக வந்தது. 'வரமாட்டேன்' என்று சொல்லும் சாத்தியம் அவர்களுக்கு இருந்ததா? வாலிபர் ஐக்கியத்தின் பையனுக்கு இருந்தது. அவன் வந்ததனால்தான் அவன் வேலை தியாகமாகிறது, காமிராவுக்கு உரியதாகிறது. இவர்கள் வேலை 'டூட்டி'. டூட்டிக்குப் போட்டோ எதுக்கு?

ஒரே சேறு, ஒரே நாற்றம். ஒருவர் கை வைத்தால் சேவை, இன்னொருவர் கை வைத்தால் சாதித்தொழில். இந்த வேறுபாட்டை எது கட்டமைக்கிறது? சாதிதான் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சாதி காற்றில் மிதப்பதில்லை. அது சட்டகங்கள் வழியாகத்தான் இயங்குகிறது. புகைப்படக்காரரின் 'கம்போசிஷன்' அவற்றில் ஒன்று. பின்னாளில் அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று பூத்தூவிப் படம் எடுத்தார்கள். 2025 ஆகஸ்டில், தங்கள் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குத் தராதே, எங்களை நிரந்தரமாக்கு என்று ரிப்பன் மாளிகை வாசலில் அவர்கள் உட்கார்ந்தபோது நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிப் போனது. வணங்குவதற்கு ஒரு பிம்பம் இருக்கிறது, கூலி கேட்க ஆள் இருக்கக்கூடாது.

இரண்டாவது சொல் சாட்சி. சபையில் எழுந்து நின்று 'சாட்சி சொல்வது' என்றால் கடவுள் தன் வாழ்வில் செய்த நன்மையைச் சொல்வது. நீதிமன்றச் சாட்சி வேறு. தனக்கு வெளியே நடந்ததைச் சொல்வது அது. நண்பரின் தொகுப்பு முதல் வகைச் சாட்சி. ஓரத்தில் நிற்கும் அந்தக் கையுறையற்ற கை இரண்டாவது வகைச் சாட்சி. ஒரு பணியாளரின் கையில் பாதுகாப்புக் கருவி இல்லை என்பதற்கு நாள், இடம் சகிதமான ஆதாரம். கழித்த உறைக்குள் போனது அதுதான்.

4

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் நேரடியாக இருந்தது. 'படம் இல்லேன்னா அடுத்த தடவ எவன் காசு குடுப்பான்? குடுத்தவனுக்குக் கணக்குக் காட்ட வேணாமா?'

நியாயமான கேள்வி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. காணிக்கை கொடுத்தவருக்கு அரிசி போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டும்தான். ஆனால் அப்படியானால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. இந்தப் படங்கள் ரசீதுகள். ரசீதில் கையெழுத்துப் போட வேண்டியது வாங்கியவர். இங்கே அவரது முகமே கையெழுத்தாக வாங்கப்படுகிறது. அதே டிசம்பரில் நிவாரணப் பொருள்கள்மேல் முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதை எல்லோரும் கேலி செய்தோம். அங்கே கொடுப்பவரின் முகம் பொட்டலத்தின்மேல் ஒட்டப்பட்டது. இங்கே வாங்குபவரின் முகத்தின்மேல் கொடுப்பவரின் பேனர். தர்க்கம் ஒன்றுதான். தர்மத்தைப் பிறர் காணச் செய்யாதே என்னும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் போதனையை வாரந்தோறும் கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்குக் காட்ட மூட்டைகளின் படம் போதும். கடைச் சீட்டு போதும். குடியிருப்புச் சங்கத்தாரின் ஒரு கடிதம் போதும். பிஸ்கட் பொட்டலத்தோடு சிரிக்கும் பிள்ளை எதற்கு?

5

சட்டகத்துக்கு வெளியே நின்றவை மனிதர்கள் மட்டுமல்ல. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதும் வெளியேதான் நின்றது. தொகுப்பின் பெயர் 'மழை தந்த காயம்'. மழைதானா? அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து இரட்டை ஏரிக்கு என்று தண்ணீருக்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியெல்லாம் இன்று வீடும் கம்பெனியும். தொழிற்பேட்டைக் கழிவும் சாக்கடையும் கொரட்டூர் ஏரியில் கலக்கின்றன என்று அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் 2015 டிசம்பர் முதல் நாள் இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் உண்டான பேரிடர் என்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் மறுபடி தண்ணீர் நின்றது. காயம் தந்தது மழை என்று தலைப்பிட்டவுடன் இத்தனை பேரும் தப்பித்துப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. வெள்ளத்துக்குப் பிறகு 'உங்க பாதுகாப்புக்காகத்தான்' என்று சொல்லி அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அகற்றப்பட்டன. வேலை போச்சு, பள்ளிக்கூடம் போச்சு. கரையோர மக்களை ஆதரவற்றவர்களாக, கைநீட்டுபவர்களாக மட்டுமே காட்டிய ஆயிரமாயிரம் நிவாரணப் படங்களுக்கும் இந்த வெளியேற்றத்துக்கும் சம்பந்தமே இல்லையா? அவர்களுக்கு அங்கே தொழில் இருந்தது, தெரு இருந்தது, அக்கம்பக்கம் இருந்தது. முதல் நாள் ராத்திரி ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டவர்கள் அவர்களேதான். வேன் வந்தது அதற்குப் பிறகு. அப்படியொரு படம் தொகுப்பில் இல்லை. இருந்திருந்தால், இங்கே ஒரு வாழ்க்கை இருந்தது என்று அதிகாரிமுன் நீட்ட அவர்களிடம் ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

6

அப்போ காமிராவைத் தூக்கிப் போட்டுவிடலாமா? சூசன் சொண்டாக் 1977இல், துயரப் படங்கள் பார்க்கப் பார்க்க நம்மை மரத்துப்போகச் செய்கின்றன என்று வாதிட்டார். 2003இல் பிறர் வலி குறித்து எழுதியபோது அந்த முடிவைத் தாமே கேள்விக்குட்படுத்தினார். எனக்கும் பின்னதே சரியாகப் படுகிறது. கேள்வி, படம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. யார் கையில், யாருக்காக, எடுத்தபிறகு யாரிடம் போகிறது என்பதில் இருக்கிறது.

நம் கண்முன்னே மாற்று உதாரணம் இருக்கிறது. மீன் விற்கும் தாயின் மகனான பழனிகுமார், திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழி மரணங்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார். இறந்தவருக்குப் பெயர் உண்டு, மனைவிக்குப் பெயர் உண்டு, வழக்கு என்னாச்சு என்கிற தகவல் உண்டு. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். அங்கே 'பாதிக்கப்பட்டவர்' படம்பிடிக்கிறவராகிறார்.

சபைகளுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட ஆவணப்படி, 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். மற்ற சபைகளிலும் தலித்துகள் சிறு எண்ணிக்கையினர் அல்ல. அதாவது வேனில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய 'அந்த மக்கள்' பலசமயம் பின்வரிசை பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சேவைப் பயணம் என்கிற ஏற்பாடு வறுமையை ஒரு வெளியூராக மாற்றிக் காட்டுகிறது. போய்விட்டு வரலாம்; படம் எடுக்கலாம்; திரும்பிவிடலாம். சொந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி இருந்தால் அதை எந்த வாலிபர் ஐக்கியமும் படம் எடுத்துக் கண்காட்சி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாக, இதை வாசிக்கிற தோழர்களுக்கும் ஒன்று. நாமும் கலவரம் நடந்த சேரிகளுக்கு உண்மை அறியும் குழுக்களாகப் போகிறோம். எரிந்த வீட்டின் முன்னால் வரிசையாக நின்று நாமும் படம் எடுத்துக்கொள்கிறோம். நம் அறிக்கையில் குழு உறுப்பினர்களுக்கு இனிஷியலோடு பெயர் உண்டு, பட்டம் உண்டு. வீடு எரிந்தவர், பாதுகாப்பு கருதிய சந்தர்ப்பங்கள் போக, மற்ற இடங்களிலும் 'ஒரு பெண்', 'ஒரு முதியவர்' என்றே நிற்கிறார். அச்சான அறிக்கையின் ஒரு பிரதியாவது அந்தத் தெருவுக்குத் திரும்பப் போயிருக்கிறதா? எத்தனை முறை? நம் அலமாரிகளில் இருக்கும் படங்களை எடுத்து, ஓரங்களில் நிற்பவர்கள் யார் யார் என்று பார்க்கத் தொடங்கினால் இதற்கு விடை கிடைக்கலாம். விவாதிப்போம்.