பத்தாம் நம்பர் மோகம்

அந்தமான் சீசன் ஓய்ந்துவிட்டது. தோளுக்குத் தைலமும் செல்போன் நிறைய வீடியோவுமாக ஆட்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் திரும்பிவிட்டார்கள். இனி நவம்பர் வரை பேச்சுக்குப் பஞ்சமில்லை. யாருக்கு எத்தனை கிலோ, எந்தத் தீவுக்குப் பக்கத்தில், எந்தப் படகில் என்பதெல்லாம் இந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதை விட்டுவிடலாம். இந்த முறை எல்லோரும் ஒரே குரலில் ஒரு தீர்ப்பு சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பின் மீதுதான் இங்கே மேல்முறையீடு.

தீர்ப்பு இதுதான்: "ராடு போதவில்லை. பி.இ. 8 எல்லாம் சின்னப் பிள்ளைகள் சாமான். பெரும்பாரை பிடிக்கப் போனால் 10, முடிந்தால் 12."

கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பவர் ஒரு மெலிந்த ஆள். பெயர் வேண்டாம், வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படகின் முன்தளத்தில் அவருக்கு இரண்டு ராடுகள் தயாராக நின்றன. ஒன்று ஏழரை அடி, இரும்புக் கம்பி போல விறைத்த பத்தாம் நம்பர். மற்றது எட்டேகால் அடி, நடுப்பகுதி தாராளமாக வளையும் எட்டாம் நம்பர். விடியலில் அவர் கை இரண்டாவதற்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பெரிய பாரை அடித்தது, ராடு அரைவட்டமாக வளைந்தது, லைன் அறுந்தது. கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? வளைந்ததைப் பார்த்தார்கள், 'தாங்கவில்லை' என்று எழுதிவிட்டார்கள்.

வீடியோவை மறுபடி ஓட்டி, ராடை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தால் கதை வேறு. மீன் அடிக்கும் நொடியில் படகின் மூக்கு கடலடிப் பாரின் பக்கம் இருக்கிறது. நீரோட்டம் படகை அதன் மேலேயே தள்ளுகிறது. இன்ஜின் உறுமுவதற்குச் சில நொடிகள் வீணாகின்றன. அதற்குள் லைன் ஏறக்குறைய நேர்கீழாக இறங்கி, பாரின் விளிம்பில் சாய்ந்துவிட்டது. கடைசியில் அவர் அறுந்த முனையைக் கையில் பிடித்துக் காட்டுகிறார்: லீடர் தங்கூசி ஒரு சாண் நீளத்துக்குச் சுரண்டுபட்டு வெள்ளை பூத்திருக்கிறது. பவளப்பாறையில் இழுபட்டால் 200 பவுண்டு தங்கூசியும் நிற்காது. அவர் கையில் பத்தாம் நம்பர் இருந்திருந்தாலும் அறுந்திருக்கும். அவர் தோள்பட்டையும் சேர்ந்து போயிருக்கும் என்பது மட்டுமே வித்தியாசம்.

முதல் ஓட்டத்தில் பாரையை நிறுத்துவது ரீலின் டிராக்கும், பாரிலிருந்து ஆழத்துக்கு விலகும் படகும்தான். ராடு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், லைனைத் தொய்ய விடாது, ஆளுக்குக் கொஞ்சம் பிடிமானம் தரும். இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆள் ராடை 45 டிகிரிக்கு மேல் தூக்கவே இல்லை. முழங்கால் இரண்டையும் படகின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, நுனியைத் தாழ்த்தியே வைத்திருந்தார். "தூக்கு, தூக்கு" என்று பின்னாலிருந்து கத்தியவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் சுமை முழுவதும் நுனிப் பகுதிக்குப் போய் ராடே இரண்டாக முறிந்திருக்கும்.

நம்பர் மோகத்துக்கு வேர் ஒரு குழப்பம். பி.இ. என்பது பாலிஎத்திலீன். பின்னல் லைனின் பருமனைச் சொல்ல ஜப்பானியர்கள் வைத்திருக்கும் கணக்கு அது: 200 டெனியருக்கு ஒன்று. ஆக, 8 என்றால் 1,600 டெனியர். அந்த லைனில் 9,000 மீட்டரை நிறுத்தால் 1,600 கிராம் வரும். அவ்வளவுதான் அந்த எண்ணின் சங்கதி. ராடின் அடியில் அச்சிட்டிருக்கும் 8, இந்தப் பருமன் லைனுக்கு இது பொருந்தும் என்று தயாரிப்பாளர் சொல்லும் யோசனை. ராடின் வலுவை அளக்கும் பொதுத் தரம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. ஒரு கம்பெனியின் எட்டு, இன்னொரு கம்பெனியின் பத்தைவிட விறைப்பாக இருப்பது சகஜம்.

எட்டாம் நம்பர் லைன் பொதுவாக 80 முதல் 100 பவுண்டு வரை தாங்கும். கிலோவில் 36 முதல் 45. ஆடும் படகில் நின்றபடி 12 கிலோ டிராக்கைத் தாங்கிப் பிடிப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். மிச்சம் கிடக்கும் இரண்டு மடங்கு வலுவையே யாரும் தொடுவதில்லை. அதற்கு மேல் பன்னிரண்டாம் நம்பரை வாங்கி என்ன செய்வதாக உத்தேசம்?

விறைப்பு யாருக்கு உதவுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ராடு ஒரு நெம்புகோல். அதன் நீளமான பக்கம் மீனின் வசம். மீன் 10 கிலோ விசையில் இழுக்கிறது. ராடின் அடி, இடுப்புப் பட்டையில் ஊன்றியிருக்கிறது. ஊன்றிய இடத்திலிருந்து இடது கை அரை மீட்டர் தள்ளிப் பிடித்திருக்கிறது, லைன் ஒன்றரை மீட்டர் தள்ளிச் செங்குத்தாக இறங்குகிறது என்றால், அந்தக் கை தாங்குவது 30 கிலோ. அதே மீன், அதே டிராக். ஆனால் ராடு நடுவில் வளைந்து கொடுத்து, லைன் ஒரு மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டால் கைக்கு 20 கிலோதான். வீடியோவில் பயங்கரமாகத் தெரியும் அந்த வளைவுதான் நம் ஆளின் முதுகைக் காப்பாற்றியது. விறைத்த ராடு வைத்திருப்பவர் படத்தில் கம்பீரமாகத் தெரிவார். ராடு வளையாததால் அவர் வளைந்துகொண்டிருப்பார், அது படத்தில் அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் சண்டையை மட்டும் மனதில் வைத்து ராடு தேடுவதே கோணல். பாப்பிங் பெரும்பாலும் மீன் இல்லாமல் நடக்கும் ஆட்டம். ஒரு நாளில் இருநூறு வீச்சு சாதாரணம். ராடு 400 கிராம், ரீல் 900 கிராம், லூர் 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரைக் கிலோ பாரத்தை வெயிலில், அலையில் ஆடும் முன்தளத்தில் நின்று வீசி, ஒவ்வொரு வீச்சுக்கும் பத்துப் பதினைந்து முறை வெட்டி இழுத்துச் சுற்ற வேண்டும். பின்னால் போகும்போது லூரின் எடைக்கு ராடு வளைந்து, முன்னால் வரும்போது அந்த வளைவு விடுபட்டால்தான் லூர் பறக்கும். 200 கிராம் லூருக்கு என்று செய்த விறைப்பு ராடில் 110 கிராம் லூரைக் கட்டினால் அது வளைவதே இல்லை. தோள்தான் முழு வேலையும் செய்கிறது. காலை ஏழு மணிக்கு யாரும் நன்றாகத்தான் வீசுவார்கள். பதினோரு மணிக்கு வீச்சு இருபது மீட்டர் குறைந்திருக்கும், பாரின் நுரை விளிம்பில் விழ வேண்டிய லூர் நடுவெளியில் விழும். நீரோட்டம் திரும்பிப் பாரைகள் மேலே வருவது பதினொன்றரைக்கு. பத்தாம் நம்பர்க்காரர் அப்போது தண்ணீர் பாட்டிலோடு நிழலில் இருப்பார்.

இழுக்கும் விதத்திலும் இதே கதைதான். கிண்ண வாய் பாப்பருக்குச் சுளீரென்ற ஒரே இழுப்பு போதும். விறைப்பு ராடு அதற்குச் சரி. ஸ்டிக்பெயிட்டுக்கு அது ஆகாது. நீளமாக, நிதானமாக வாரி இழுத்தால்தான் அது தண்ணீருக்கு அடியில் உடம்பை நெளித்து, அடிபட்ட மீன் போல நீந்தும். நுனி விட்டுக்கொடுக்காத ராடில் கட்டினால் அலை ஏறும்போதெல்லாம் அது தண்ணீரை விட்டுத் துள்ளிப் புரளும். 2017-ல் வந்த பி.பி.சி.யின் 'ப்ளூ பிளானட் 2' தொடரில், செஷல்ஸ் தீவுகளில் பாரைகள் தண்ணீரை விட்டு எழும்பிக் கடற்பறவைகளைக் கவ்வியதை எல்லோரும் பார்த்தோம். பறக்கும் பறவையின் போக்கைக் கணித்துப் பாயும் கண்ணுக்கு, தறிகெட்டுப் புரளும் மரத்துண்டு எது என்று தெரியாதா?

விறைப்பு ராடுக்கு வேலையே இல்லை என்று இந்தப் பத்தி வாதிடவில்லை. ஓமானின் ஹல்லானியாத் தீவுகளில் கரையோரப் பாறைகளுக்கு இடையே மிகப் பெரிய பாரைகளைத் தேடுபவர்கள், தடித்த லைனும் பெரிய பாப்பருமாகப் போவதில் நியாயம் உண்டு. அந்தமானிலேயே பேரன் தீவின் எரிமலைச் சரிவுகளில் டாக்டூத் சூரை அடித்தால் விட்டுப்பிடிக்க அவகாசம் கிடைக்காது. சரி, அங்கே கொண்டுபோகட்டும். ஆனால் அந்த இரண்டு நாளுக்காக மற்ற நாளெல்லாம் அதையே சுமப்பது ஏன்? உலக சாதனைப் பாரை 2006-ல் ஜப்பானின் தொக்காரா தீவுகளில் கிடைத்தது, 72.8 கிலோ. ராடு வாங்கும் ஒவ்வொருவர் மனக்கண்ணிலும் அந்த மீன்தான் நீந்துகிறது. அந்தமானில் அவர்கள் கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அதில் பாதி எடையைக்கூட எட்டுவதில்லை.

கடையில் நடப்பது இன்னும் வேடிக்கை. வாங்க வந்தவர் ராடைக் கையில் எடுப்பார், நுனியைக் கூரைப் பக்கம் இரண்டு ஆட்டு ஆட்டுவார், "நல்ல பவர்" என்பார். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகிற சாமானுக்கு இதுதான் சோதனை! செய்ய வேண்டியது வேறு. சொந்த ரீலைக் கொண்டுபோய் மாட்டி, லைனை எல்லா வளையங்களிலும் கோத்து, முனையை ஒரு கொக்கித் தராசில் கட்டி, அதை ஒருவர் தரையோடு பிடித்துக்கொள்ள வேண்டும். ராடை 45 டிகிரியில் நிறுத்தி மெல்ல ஏற்ற வேண்டும்: ஐந்து கிலோ, எட்டு, பத்து. ஐந்தில் நுனி வளையும், அது பெரிய விஷயமில்லை. எட்டில் வளைவு நடுப்பகுதிக்கு இறங்குகிறதா, அடிப்பகுதி திமிறாமல் நிற்கிறதா, லைன் எங்காவது ராடின் உடம்பைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். இடது கை முன்பிடியின் எந்த இடத்தில் இயல்பாக விழுகிறது என்பதும் அப்போதுதான் புரியும். நம் ஊர் உயரத்துக்கு அடிப்பிடி நீளமாக இருந்தால் வீசும்போது அது விலாவில் இடிக்கும். கடைசியாக, லைனையும் லீடரையும் சேர்க்கும் எஃப்.ஜி. முடிச்சை நுனி வளையத்தின் வழியே விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். 'டிக்' என்று தட்டினால் அந்த ராடு வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பட்டியலில் '40 டன் கார்பன்' என்று போட்டிருந்தால் மயங்குவதும் இந்த மோகத்தின் கிளைதான். டன் கூடினால் ராடு எடை குறைந்து விறைப்பு ஏறும். கூடவே நொறுங்கும் தன்மையும் ஏறும். படகு விளிம்பில் ஒருமுறை தட்டிய விறைப்பு ராடு, அடுத்த மீனுக்கு முறிவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். பழி மட்டும் மீனின் பலத்துக்குப் போய்விடும்.

அடுத்த சீசன் எப்படிப் போகும்? தீபாவளிக்கு முன் பத்தாம் நம்பர் ராடுகள் கடைகளில் தீர்ந்துவிடும். அந்த வீடியோ செய்த வேலை அது. பிப்ரவரிக்குள் அவற்றில் பாதி, 'ஒரே டிரிப் மட்டும் பயன்படுத்தியது' என்ற வாசகத்தோடு விற்பனைக்கு வரும். இரண்டு மூன்று சீசனில் ஸ்டிக்பெயிட் பாப்பரை முந்தும். அதோடு எட்டடிக்கு மேற்பட்ட, நடுவில் வளையும் ஆறாம், எட்டாம் நம்பர் ராடுகள் படகுகளில் வரிசைகட்டி நிற்கும். மீனை உயிரோடு திரும்ப விடும் பழக்கம் வலுக்க வலுக்க, மும்முனைத் தூண்டில்கள் போய் முள் நசுக்கிய ஒற்றைத் தூண்டில் வழக்கமாகும். ஒற்றைத் தூண்டில் பிடி நழுவாமல் இருக்க லைன் ஒரு நொடியும் தொய்யக் கூடாது. அதற்கும் வளையும் ராடுதான் தோது. அதிகபட்ச டிராக் எத்தனை கிலோ என்பதை எந்தக் கோணத்தில் அளந்தோம் என்று சில ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் இப்போதே அச்சிடுகிறார்கள். கோணம் சொல்லாத கிலோவை நம்ப மாட்டோம் என்று வாங்குபவர்கள் சொல்லத் தொடங்கினால் மற்றவர்களும் வழிக்கு வருவார்கள்.

அந்த மெலிந்த ஆள் விஷயம்? இத்தனை ஏச்சுக்கும் அசையாமலிருக்க அவர் கல் இல்லை. நவம்பரில் பத்தாம் நம்பரோடுதான் ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்குவார். முதல் பயணத்தில் வீச்சு குறையும், ஸ்டிக்பெயிட் புரளும், மீன்கள் பின்தொடர்ந்து வந்து திரும்பிப் போகும். ஜனவரியில் ராடை மாற்றுவார். அதைவிட முக்கியமாக, படகோட்டியோடு உட்கார்ந்து பேசி, மூக்கை ஆழத்துப் பக்கம் வைத்து இன்ஜினை அணைக்காமல் நிற்க ஏற்பாடு செய்வார். மார்ச் பௌர்ணமியை ஒட்டி, நீரோட்டம் வேகமெடுக்கும் நாட்களில், நாற்பது கிலோவுக்குக் குறையாத பாரை, அதே எட்டேகால் அடி ராடில். பந்தயம் கட்ட ஆள் இருந்தால் இந்தப் பத்தி தயார்.