கட்டின நாய்

புறநானூறு 74ஐ மானத்தின் பாட்டு என்று சொல்லிச் சொல்லியே பண்டிதர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள். குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கணைக்கால் இரும்பொறை தண்ணீரை வாங்கியும் குடிக்காமல் செத்தான் என்பது பாட்டின் கீழுள்ள உரைநடைக் குறிப்பு. பாட்டுக்குள் அவன் சாவு இல்லை. சங்கிலியில் கட்டின நாய், பகைவன் தரும் அற்ப உணவு, வயிற்றுத் தீ, இரந்துவிட்ட கூச்சம். என்னைத் தொடுவது இவைதான்.

பட்டினப்பாலையிலும் சிறை வருகிறது. ஆனால் உருத்திரங்கண்ணனார் பாடுவது தப்பி வென்ற கரிகாலனை. ஆகவே கூண்டில் வளர்ந்த புலிக்குட்டி. அந்தக் கூண்டில் பசி கிடையாது, பலம்தான் ஏறுகிறது. நல்ல உவமைதான், ஆனாலும் அரண்மனைச் சரக்கு. கட்டின நாயை இங்கே வரதராஜன்பேட்டையில் தினமும் பார்க்கிறேன். இரும்பொறையும் பார்த்திருப்பான், அரசனாக இருந்தபோது, எத்தனையோ முறை. அப்போது அது அவனுக்கு உவமையாகவில்லை.