பாவனை லீக்கும் மெய்யான லீக்கும்: ஹாக்கி ஒப்பந்த விதிகள் குறித்து ஒரு திறனாய்வு

பாவனை ஹாக்கி லீக் என்பது கணினியில் நடத்தப்படும் கற்பனைப் போட்டித் தொடர் ஆகும். இதில் மைதானம் இல்லை, மட்டை இல்லை. பங்கேற்பவர்கள் அணி மேலாளர்களாகவோ தாங்களே உருவாக்கிய ஒரு வீரராகவோ இருப்பர். ஆட்டத்தின் முடிவை மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லும். மேலாளரின் திறமை பெரும்பாலும் ஒப்பந்தங்களில்தான் வெளிப்படும்: யாரை எத்தனை ஆண்டுக்கு எடுப்பது, என்ன ஊதியம் தருவது, யாரை எப்போது விடுவிப்பது. ஆகவே இத்தகைய லீக்குகளின் விதிநூலில் பல பக்கங்கள் ஒப்பந்த விதிகளாகவே இருக்கும்.

என் பேரன் அப்படி ஓர் அணியை நடத்துகிறான். மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ கனடாவில் இருக்கும் ஒருவரோடு ஒரு கோல்காப்பாளரின் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்காகப் பேரம் பேசுவான். ஒருநாள், "தாத்தா, நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ்ல இதுக்கெல்லாம் என்ன ரூல்?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்குப் பதில் சொல்லாமல் நழுவத் தெரியாது. விடை தேடியபோது எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

விதிகள் பிறந்த இடம்

பாவனை லீக்குகளில் பெரும்பாலானவை பனித்தரை ஹாக்கியைச் சார்ந்தவை. நாம் புல்தரையிலும் செயற்கைத் தரையிலும் ஆடும் ஹாக்கியை அல்ல. அவற்றின் ஒப்பந்த விதிகள் வட அமெரிக்காவின் என்.எச்.எல். தொடரிலிருந்து எடுக்கப்பட்டவை. அங்கே ஊதிய உச்சவரம்பு எளிதில் வந்துவிடவில்லை. உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் உடன்பாடு ஏற்படாததால் 2004-05 பருவம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. அதன் பிறகே ஓர் அணி செலவிடக்கூடிய தொகை 3.9 கோடி டாலர் என்று 2005-06இல் வரையறுக்கப்பட்டது. 18 முதல் 21 வயதுக்குள் ஒப்பமிடும் புதுவரவுகளுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம், ஒரு வீரருக்கு உச்சவரம்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது என்ற தடை, யாருக்கும் குறைந்தபட்ச ஊதியம் ஆகிய அனைத்தும் இரு தரப்பும் மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசி முடித்தவை.

இவற்றுள் நான் மிகவும் கவனித்தது ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்கும் விதி. அணிக்கு ஒரு வீரர் வேண்டாம் என்றால், மீதமுள்ள ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்தாக வேண்டும். 26 வயது நிரம்பாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தொகை, மீதமிருந்த காலத்தைப் போல் இரு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். வெளியே அனுப்பப்பட்டவரின் வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்ற கவலை இந்த விதிக்குள் இருக்கிறது.

பாவனை லீக்கும் இதே விதியை வைத்திருக்கிறது. ஆனால் அங்கே பணம் பெற ஆள் இல்லை. மேலாளரின் கணக்கேட்டில் ஒரு சுமையாக மட்டுமே அது நிற்கும். என் பேரன் அதை "தண்டம்" என்கிறான். அவன் விளையாட்டில் அது சரியான சொல்தான். வீரர்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு, கணினிக்குள் நுழைந்ததும் மேலாளருக்கான இடையூறாகிவிட்டது. ஒப்பந்தம் என்றாலே அணி உரிமையாளரின் கண்ணால் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு இது கற்றுத் தருகிறது என்பதே பாவனை லீக்குகள் மீது எனக்குள்ள முதல் குறை.

ஏலமும் எண்களும்

அதே பார்வை நம் மெய்யான லீக்கிலும் இருக்கிறது என்பது அடுத்த குறை. ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்பிவந்த ஹாக்கி இந்தியா லீக்கின் ஏலம் 2024 அக்டோபர் 13 முதல் 15 வரை புதுதில்லியில் நடந்தது. ஆடவர் அணிகள் எட்டு. ஒவ்வோர் அணியும் 4 கோடி ரூபாய் வரை செலவிடலாம். 24 பேர் கொண்ட அணியில் 16 இந்தியர்கள், அவர்களுள் 4 பேர் இளையோர், 8 வெளிநாட்டினர் என்பது கணக்கு. அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று படிகளில் இருந்தது.

இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு எடுத்தது. 4 கோடியில் இது 19.5 விழுக்காடு. என்.எச்.எல். விதித்த 20 விழுக்காட்டு வரம்புக்கு இவ்வளவு அருகில் வந்து நின்றது தற்செயல்தான் என்றாலும் கணக்கு வாத்தியாரைச் சிரிக்க வைக்கும். 2 லட்சத்துக்கு எடுக்கப்படும் ஒருவரைவிட இது 39 மடங்கு. அதே 2024-25இல் என்.எச்.எல். விதிப்படி உச்சவரம்பு 8.8 கோடி டாலர். ஒருவர் பெறக்கூடியது அதிகபட்சம் 1.76 கோடி, குறைந்தபட்சம் 7.75 லட்சம். மடங்கு ஏறத்தாழ 23தான்.

நம் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சமும் அமித் ரோகிதாஸுக்கு 48 லட்சமும் கொடுத்தது. இருவரும் பின்களத்தவர்கள், பெனால்ட்டி கார்னரில் கைதேர்ந்தவர்கள்; வாங்கியதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் 4 கோடியில் 1.02 கோடி இருவருக்கே போனால், மற்ற 22 பேருக்கும் சராசரியாகப் பதின்மூன்றரை லட்சத்துக்கு மேல் மிஞ்சாது. மகளிர் ஏலத்தில் மொத்த வரம்பே 2 கோடி. மிக அதிக விலை உதிதாவுக்குக் கிடைத்த 32 லட்சம். ஆறு மகளிர் அணிகள் என்று அறிவிக்கப்பட்டு, நான்கே களமிறங்கின.

ஏலத்தை ஒட்டி இரசிகர்களுக்கு விளக்கப்பட்ட விதிகள் அனைத்தும் இப்படி அணியின் பணப்பையைப் பற்றியவை. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் விலையோடு நிறுத்திக்கொண்டன. காயம்பட்டால் என்ன, அணியே விலகிவிட்டால் என்ன, பணம் எத்தனை தவணை என்று கேட்டவர்கள் குறைவு. பேரனின் விதிநூலில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி இருக்கிறது.

நின்றுபோன லீக்குகள்

இக்கேள்விகள் வீணான கவலை அல்ல. பாவனை லீக்கில் ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஐந்து பருவங்கள் நிச்சயம் வரும் என்று நம்பியே அதைப் போடுகிறார்கள். இந்திய ஹாக்கியின் வரலாறு வேறு. 2005இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் இருந்தது. 2008உடன் தொடரே முடிந்தது. 2012 பிப்ரவரி 29 முதல் ஏப்ரல் 2 வரை வேர்ல்டு சீரீஸ் ஹாக்கி நடந்தது. அதில் நம் அணி சென்னை சீட்டாஸ். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் மாலை ஆட்டங்களுக்குக் கூட்டம் நன்றாகவே வந்தது. ஊதியப் பாக்கி பற்றிய வீரர்களின் முறையீடுகள் அதன் பின் செய்தித்தாள்களில் வந்தன. இரண்டாவது தொடர் நடக்கவேயில்லை.

2013இல் ஹாக்கி இந்தியா லீக் பிறந்தது. முதல் ஏலத்தில் சர்தார் சிங்கின் விலை 78,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 42 லட்சம். முதல் கோப்பையை வென்ற ராஞ்சி ரைனோஸ் 2014க்குப் பிறகு லீக்கில் இல்லை. 2017உடன் தொடரே நின்றது. வெற்றி பெற்ற அணியே காணாமல் போகும் ஒரு துறையில், ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது விலை அல்ல. அணி இல்லாமல் போனால் யார் பொறுப்பு என்பதுதான்.

நீதி மேசையில்

வீரர் எங்கே ஆடலாம் என்ற கேள்வி ஒருமுறை இந்தியப் போட்டி ஆணையத்துக்கே சென்றது. வேர்ல்டு சீரீஸுக்கு ஹாக்கி இந்தியாவின் ஒப்புதல் இல்லை. ஒப்புதலற்ற தொடரில் ஆடுபவர் நாட்டு அணியில் இடம் இழக்க நேரிடும். புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளையும் வேறு சில முன்னாள் வீரர்களும் இதை எதிர்த்து முறையிட்டனர். 2013 மே 31 அன்று ஆணையம், சட்டமீறல் நிரூபிக்கப்படவில்லை என்று முடித்தது. ஆனால் விளையாட்டை ஒழுங்குபடுத்தும் அமைப்பே தொடர்களையும் நடத்தும்போது இரு பொறுப்புகளும் மோதிக்கொள்ளக்கூடும் என்பதைச் சுட்டி, அதற்கு உள்கட்டுப்பாட்டு ஏற்பாடு வேண்டும் என்றது. தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்த அறிவுரையில் உண்டு.

இன்னொன்று, மாணவர்களுக்காக. பாவனை லீக்கில் ஒப்பந்தம் முடிந்த இளம் வீரருக்குப் பிற அணி ஒரு விலை சொன்னால், பழைய அணி அதே விலையைக் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளலாம். அவர் விருப்பம் கேட்கப்படாது. இதற்கு ஒப்பான ஒரு நிபந்தனை இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர முகமை, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் பிறர் தரும் விலையை ஈடுசெய்யும் உரிமை தனக்கு உண்டு என்றது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவைக் காட்டி 2006இல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது அப்பிரிவின் சாரம். விளையாட்டில் இயல்பாகத் தோன்றும் ஒரு விதி, சட்டத்தின் முன் எப்படி மாறுகிறது என்பதற்கு இது நல்ல பாடம்.

வேலை எனும் ஒப்பந்தம்

நம் ஹாக்கி வீரருக்கு நிலையான ஒப்பந்தம் லீக்கில் இருந்ததில்லை; வேலையில் இருந்தது. எழும்பூரில் எம்.சி.சி.–முருகப்பா தங்கக் கோப்பை ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரயில்வே, இராணுவம், இந்தியன் ஆயில், வங்கிகள் என்றுதான் அணிகளின் பெயர்கள் இருக்கும். மட்டையைக் கீழே வைத்த பிறகும் மாதச் சம்பளம் வரும். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்று, 2022 ஆசியக் கோப்பையில் தம் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்த அரியலூர் கார்த்தி செல்வத்தைப் போன்றோர் எளிய வீடுகளிலிருந்து வருகிறார்கள். சில வார லீக் அத்தகைய குடும்பங்களுக்குப் பெரிய பணம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் லீக்கை நம்பி வேலையைத் தள்ளிப்போடும் இளைஞனுக்கு, நடுவில் நின்றால் என்ன கிடைக்கும் என்று எழுத்தில் சொல்லப்பட வேண்டும்.

இரண்டாம் பருவத்துக்கு முன் உ.பி. ருத்ராஸ் அணி விலகியது. ஏலத்தில் அவர்கள் எடுத்த வீரர்களைக் கைவிடாமல், லீக்கின் ஆட்சிக்குழுவே அந்த அணியை ஏற்று, எச்.ஐ.எல். ஜி.சி. என்ற பெயரில் களமிறக்கியது. பாராட்டத்தக்க முடிவு. ஆயினும் நெருக்கடி வந்த பின் ஒருமுறை செய்த நல்ல காரியமாக அது நின்றுவிடக் கூடாது. "அணி விலகினால் ஆட்சிக்குழு பொறுப்பேற்கும், ஒப்பந்தத் தொகை குறையாது" என்ற ஒரு வரியை அடுத்த ஏலத்துக்கு முன், விலைப்படிகளை வெளியிடும் அதே தாளில், விதியாகவே அச்சிட வேண்டும்.