மழலையர் முன் பாவை: தில்லிக் கட்புத்லிக் கூத்தை முன்வைத்து

பாவை குறித்த இருவேறு நோக்குகளைப் பழந்தமிழ் இலக்கியத்தில் காணமுடிகின்றது. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் (1020), உள்ளத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டத்தை, கயிற்றால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிடுகின்றது. ஈண்டுப் பாவையின் உயிர் பொய்த்தோற்றம். ‘பொம்மை போல’ என்னும் இன்றைய வழக்குவரை இதன் நிழல் நீள்கின்றது. குறுந்தொகை 48ஆம் பாடலிலோ, பூந்தாதினால் செய்த பாவை வருந்தாமல் காக்கவேண்டும் என விளையாட்டுத் தோழியர் கூறுகின்றனர். பாவை வெறும் தாது என்பதை அவர்கள் அறிவர். அறிந்தே அதற்கு உயிர் தருகின்றனர். மழலையர்க்கான பாவைக்கூத்தை மதிப்பிட இந்நோக்கே பொருந்துவதாகும்.

தில்லி ஷாதிப்பூரில் இருந்த கட்புத்லி காலனியில் இராசத்தானப் பாட் மரபினரான பாவைக் கலைஞர்கள் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். தமிழகப் பொம்மலாட்டப் பாவை கயிற்றோடு கம்பியும் கொண்டது. பத்துக் கிலோ வரை எடையுள்ளது. கட்புத்லி இலேசானது, கால்கள் இல்லை, நீண்ட பாவாடை மட்டுமே. கயிறுகள் நேரே விரல்களில் கட்டப்படுகின்றன. கட்டில்களை நிமிர்த்தி நிறுத்தினால் மேடை ஆயிற்று. குழந்தை கைக்கெட்டும் தொலைவில் அமரலாம். அமர்சிங் ராத்தோரின் வீரக்கதை மழலையர்க்கென உருவானதன்று என்பது உண்மையே. அவர்களை ஈர்ப்பவை இடையே வரும் பாம்பாட்டியும், தன் தலையையே கழற்றித் தூக்கி ஆடும் வித்தைக்காரனுமே.

இக்கூத்தின் தனிச்சிறப்பு ‘போலி’ எனப்படும் குரலாகும். (தமிழில் இச்சொல் தரும் பொருள் தற்செயலானது, இந்தியில் இது பேச்சு.) கலைஞர் சிறு மூங்கில் ஊதுகருவியை வாயில் அடக்கிச் சீழ்க்கை ஒலியாலேயே பாவையைப் பேசவைக்கின்றார். இங்கிலாந்தின் பஞ்ச் பாவையும் இத்தகைய கருவி கொண்டே பேசுகின்றது. அருகில் டோலக் வாசிப்பவர் அதனைச் சொற்களாக எடுத்துரைக்கின்றார். ஆக, பாவை பேசுவது எம்மொழியும் அன்று. மொழி இன்னும் கைவராத மூன்று வயதுக் குழந்தையும் அதன் பெற்றோரும் இங்கு ஒரே நிலையினர். இருவரும் அசைவையும் ஒலியின் ஏற்றத்தாழ்வையும் கொண்டே பொருளை ஊகிக்கவேண்டும். தாய்மொழி வேறான தில்லித் தமிழ்க் குழந்தைக்கும் இது பொருந்தும். 1986இல் தாதி புதும்ஜி தில்லியில் நிறுவிய இஷாரா போன்ற நவீன பாவை அரங்குகளில் இயக்குபவர் வெளிப்படையாக நிற்பதும் உண்டு. அவரைக் கண்டபின்னும் குழந்தை பாவையையே விளிக்கின்றது. இது மயக்கம் அன்று, உடன்பாடு.

கல்வித்துறை இவ்வுடன்பாட்டைப் போதிய அளவு கருத்திற்கொண்டதாகத் தெரியவில்லை. 2022இல் வெளியான அடித்தளநிலைக் கலைத்திட்டத்தை ஒட்டி, 3 முதல் 8 வயதினர்க்கென 2023 பிப்ரவரியில் தில்லியில் அறிமுகமான ‘ஜாதுயி பிடாரா’ என்னும் கற்றல் பெட்டியில் பாவைகளும் இடம்பெற்றுள்ளன. 1979இல் தொடங்கப்பட்ட பண்பாட்டு வள மற்றும் பயிற்சி மையமும் ஆசிரியர்களுக்குப் பாவைப் பயிற்சி அளித்து வருகின்றது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும் பாவை எண்ணையும் தூய்மையையும் கூற, குழந்தை அதனைத் திரும்பச் சொல்வதோடு வகுப்பு முடியுமாயின், அது பாவை உடுத்திய பாடநூலே. போலியில் திரும்பச் சொல்பவர் பெரியவர்; ஊகிப்பது குழந்தை. வகுப்பறையில் இவ்வொழுங்கு தலைகீழாகின்றது.

கட்புத்லி காலனி 2017 அக்டோபர் இறுதியில் இடிக்கப்படத் தொடங்கியது. குடும்பங்கள் பல ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்குப் பெயர்ந்தன. பாவையைப் பெட்டியில் இட்டு அனுப்பலாம். போலியை அவ்வாறு அனுப்ப இயலாது. அதனை வாயில் அடக்கி ஊதப் பழகிய கலைஞர்களை ஆசிரியர் பயிற்சிக்கு அழைப்பதும், பாவை வகுப்பை மதிப்பிடுகையில் குழந்தை எதைத் திரும்பச் சொன்னது என்பதைவிடப் பாவையிடம் எதைக் கேட்டது என்பதைக் குறித்துவைப்பதும் உடனடியாகச் செய்யத்தக்கனவாகும்.